பண்டகசாலை எங்கே அமைதல் வேண்டும்?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



25 ஆண்டுகள் நிறைவெய்திய ஒரு கல்விச் சங்கத்தின் விழா மேடையில் பேசுதற்குரிய பொருள்கள் பல உள. கல்வியின் மேன்மையைப் பேசலாம். சங்கத்தை நிறுவிய பெரியோர்கள் பட்ட பாட்டைப் பேசலாம். இங்குப் படித்து உயர்ந்தோரின் சிறப்பைப் பேசலாம். இவற்றையெல்லாம் எங்களினும் திறம்பட எடுத்துரைக்கவல்ல ஆன்றோர்கள் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். கட்டடக் குழுவின் சார்பில் பேச வந்துள்ள நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. நம் கல்லூரியின் கூட்டுறவுப் பண்டகசாலை எவ்விடத்தில் இருத்தல் வேண்டும், எல்லா மாணவரும் அதனை எங்ஙனம் எளிதில் சென்றடைதல் கூடும் என்பதே அப்பொருள்.

விழா நாளில் கடையைப் பற்றியா பேச்சு என்று சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். அவர்கட்கு நாங்கள் பணிவுடன் கூறுவது ஒன்றுண்டு. கடை என்னும் சொல் பிறருக்குச் சிறிய சொல்லாக இருக்கலாம். நம் மக்களின் வரலாற்றில் அது சிறிய சொல் அன்று.

கடையும் உரிமையும்

நம் பாட்டன்மார் காலத்தில் கடை இருந்த இடம் ஊர். நம் மக்கள் இருந்த இடம் ஊருக்கு வெளியே. எண்ணெய் வாங்கவும் உப்பு வாங்கவும் அவர்கள் ஊருக்குள் போயாக வேண்டும். போனவர்கள் கடையின் படியேறியதில்லை. தெருவில் ஒதுங்கி நின்று, மற்றவர்கள் வாங்கிச் செல்லும் வரை காத்திருந்து, காசைக் கீழே வைத்துவிட்டு, ஏந்திய துணியில் மேலிருந்து கொட்டப்பட்ட பண்டத்தைப் பெற்று வந்தார்கள். அளவு சரியா என்று கேட்க இயலாது. பண்டத்தைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் இயலாது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை இங்கு அமர்ந்திருக்கும் பெரியவர்களுள் பலர் தம் கண்ணாலேயே கண்டிருப்பர்.

இந்நிலையை மாற்ற நம் தலைவர்கள் படிப்படியாகப் போராடினர். 1924 ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச் சாலைகள், தெருக்கள், பாதைகள், கிணறுகள், குளங்கள், பொது அலுவலகங்கள், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகிய எவற்றிற்கும் எவ்வகுப்பினரும் செல்வதற்குத் தடையில்லை என்பது அதன் சாரம். அத்தீர்மானம் முதலில் கேட்டது வழியைத்தான் என்பதை நாம் கருத்திற்கொள்ளல் வேண்டும். போகும் வழி திறவாதபோது போய்ச் சேரும் இடம் திறந்திருந்தும் பயனில்லை என்பதை அப்பெரியார் நன்கறிந்திருந்தார்.

பின்னர் 1950 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தின் 15 ஆவது உறுப்பு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி எந்தக் குடிமக்களுக்கும் தடை விதிக்கலாகாத இடங்களைப் பட்டியலிட்டது. அப்பட்டியலின் தலைப்பில் நிற்பது கடை. உணவகமும் விடுதியும் பொதுக் கேளிக்கை இடமும் அதற்குப் பின்னரே வருகின்றன. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் இவ்வுறுப்பு விவாதிக்கப்பட்டபோது, கடை என்பதன் பொருள் யாது என்ற வினா எழுந்தது. டாக்டர் அம்பேத்கர் அச்சொல்லை மிக விரிந்த பொருளில் விளக்கினார். பண்டம் விற்கும் இடம் மட்டுமன்று, நாடி வருவோர்க்குப் பணி செய்ய முன்வரும் எந்த இடமும் கடையே என்பது அவர் விளக்கத்தின் கருத்து. தீண்டாமையை ஒழிக்கும் உறுப்பும் அதே நாளில்தான் அவையில் ஏற்கப்பட்டது. 1955 ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், கடைக்குள் நுழைவதைத் தடுப்பதையும் பண்டம் விற்க மறுப்பதையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கிற்று. 1976 இல் அச்சட்டமே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் புதுப் பெயர் பெற்றது.

ஆகவே கதவைத் திறந்து வைக்கும் பணியைச் சட்டம் செய்துவிட்டது. அக்கதவு வரையில் நடந்து வருவதற்கு ஏற்ற வழியை அமைக்கும் பணியோ அவ்வவ்விடத்தில் நிறுவனம் நடத்துவோரின் கையில் இருக்கின்றது. நாங்கள் இன்று பேச வந்தது இந்த இரண்டாவது பணியைப் பற்றியேயாகும்.

கூட்டுறவுக் கடையின் பாடம்

கூட்டுறவுப் பண்டகசாலை என்பது எளியோர் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட கடையாகும். 1844 ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி, ஆளுக்கு ஒரு பவுன் வீதம் 28 பவுன் முதலீட்டில் ஒரு கடை திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர். தொடக்கத்தில் விற்ற பண்டங்கள் மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் முதலிய சிலவே. அக்கடை உலகக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடியாக மதிக்கப்படுவதற்குக் கலப்படமின்மையும் சரியான எடையும் வாங்கியவர்க்கே இலாபத்தில் பங்கு என்னும் முறையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவை யாவும் உண்மையே. அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். தோட் லேன் என்னும் தெருவில் ஒரு கிடங்கின் தரைத் தளத்தில் அக்கடை அமைந்தது. தொடக்கத்தில் வாரத்தில் இரு நாள், அதுவும் மாலை வேளைகளில், அது திறக்கப்பட்டது. பகலெல்லாம் ஆலையிலும் தறியிலும் உழைத்தவர்க்கு மாலையில்தான் ஓய்வு. உறுப்பினர் வரக்கூடிய நேரத்தில் கடை திறந்திருந்தது என்பதே இதன் பொருள்.

நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1904 ஆம் ஆண்டில் வந்தது. அதே ஆண்டில் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அது ஒரே இடத்தில் ஒரு பெரிய கடையாக நின்றுவிடாமல், நகரின் பல பகுதிகளிலும் கிளைகளைத் திறந்து மக்களை நாடிச் சென்றது.

கல்வித் துறையிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டாக்டர் அம்பேத்கர் 1945 ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, 1946 இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். பகலில் வேலை பார்த்துப் பிழைக்க வேண்டிய இளைஞரும் கற்க இயலுமாறு அங்குக் காலை வகுப்புகள் நடத்தப்பட்டன. மாணவனின் நாளுக்கேற்பக் கல்லூரி தன்னை அமைத்துக்கொண்டது. கல்லூரிக்கே பொருந்தும் இந்நெறி, கல்லூரியின் உள்ளிருக்கும் ஒரு சிறு கடைக்கும் பொருந்துமன்றோ?

இன்றைய நிலை

நம் பண்டகசாலை தொடங்கப்பட்டபோது வளாகத்தில் இருந்தவை விடுதியும் சமையற்கூடமும் இரண்டு வகுப்புக் கொட்டகைகளுமே. அவற்றின் நடுவே கடை அமைந்தது; அன்றைக்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கல்லூரி சாலையை நோக்கி வளர்ந்தது. புதிய வகுப்பறைகள், ஆய்வகங்கள், நூலகம், பேருந்து நிறுத்தத்தை நோக்கிய வாயில் ஆகிய யாவும் முன்புறம் எழுந்தன. கடை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. இன்று அது விடுதிக்குப் பின்புறம், சமையற்கூடத்துக்கும் மதிற்சுவருக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய சந்தில் இருக்கின்றது. ஐந்து படிகள் ஏறித்தான் அதனுள் நுழைதல் வேண்டும்.

வகுப்பறைகளிலிருந்து அதற்குள்ள தொலைவு 400 மீட்டர். நலமுள்ள இளைஞர் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 80 மீட்டர் நடப்பார். போவதற்கு ஐந்து நிமிடம், வருவதற்கு ஐந்து நிமிடம் எனப் பத்து நிமிடம் நடைக்கே செலவாகின்றது. இடைவேளையோ 15 நிமிடம். எஞ்சிய ஐந்து நிமிடத்தில் வரிசையில் நின்று, பண்டம் கேட்டு, பணம் கொடுத்து மீளுதல் வேண்டும். ஊன்றுகோலுடன் நடக்கும் மாணவர் நிமிடத்திற்கு 40 மீட்டர் நடப்பதாகக் கொண்டால், நடைக்கு மட்டுமே 20 நிமிடம் ஆகும். அதாவது, இடைவேளையில் அவரால் நம் பண்டகசாலைக்குச் சென்று திரும்புதல் இயலாது. ஐந்து படிகளைப் பற்றிய பேச்சு அதன் பின்னர்த்தான் வருகின்றது.

கடை திறக்கும் நேரம் காலை 10 மணி. மூடும் நேரம் மாலை 4 மணி. மாணவர் உணவுக்கு வெளிவரும் அதே வேளையில் கடையும் உணவுக்காக அடைக்கப்படுகின்றது. வெளியூரிலிருந்து பேருந்தில் வருவோர் காலையில் வாயிலிலிருந்து நேரே வகுப்புக்குச் செல்கின்றனர். மாலையில் வகுப்பு முடிந்ததும் பேருந்தை நோக்கி ஓடுகின்றனர். அவர்கள் கால் படும் பாதை எதுவும் கடை வழியே செல்வதில்லை. மாணவியரோ ஆண்கள் விடுதியைக் கடந்து, விளக்கில்லாத அச்சந்திற்குள் தனியே போவதற்குத் தயங்குகின்றனர். அத்தயக்கத்தில் நியாயம் உண்டு.

இவற்றின் விளைவு யாது? செய்முறைப் பதிவேடும் வரைபடத் தாளும் பேனாவும் வாங்க மாணவர் வாயிலுக்கு வெளியே செல்கின்றனர். மொத்தமாகக் கொள்முதல் செய்து குறைந்த விலைக்குத் தரும் பண்டகசாலை உள்ளே இருக்க, வெளியில் கூடுதல் விலை கொடுக்கின்றனர். கையில் காசில்லாதவர் அங்குக் கடன் சொல்கின்றனர். அக்கடன் நாளுக்கு நாள் வளர்கின்றது. கடன் கேட்க நாணுவோர் பதிவேடு வாங்குவதையே தள்ளிப் போடுகின்றனர். பதிவேடு எழுதாதவர் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் இழக்கின்றனர். தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய ஒருவர், ஒரு நோட்டுப் புத்தகம் எட்டாத இடத்தில் இருந்த காரணத்தால் பின்தங்குவதை இச்சங்கம் பொறுத்துக்கொள்ளலாமா?

எவ்விடம் ஏற்றது?

இடம் தேர்வதற்கு நாங்கள் கைக்கொண்ட நெறி ஒன்றே. கடைக்கென்று தனியே புறப்பட்டு வருவோரை எண்ணி இடம் தேடலாகாது. வேறு வேலையாகப் போகின்றவர் வழியில் கடை இருத்தல் வேண்டும். அதிலும் மிகவும் களைத்தவர், மிகவும் நேரம் குறைந்தவர், மிகவும் மெல்ல நடப்பவர் ஆகிய மூவர் வழியில் அது இருக்குமாயின், மற்றவர் வழியில் இருப்பதற்கு ஐயமில்லை.

இந்நெறிப்படி மூன்று இடங்களைக் குழு ஆராய்ந்தது. முதலாவது இப்போதுள்ள இடம். இது விடுதி மாணவர்க்கு மட்டுமே அண்மையானது. இரண்டாவது முதன்மை வாயிலின் அருகு. பேருந்தில் வருவோர்க்கு இது மிகவும் ஏற்றது. ஆயினும் விடுதியினர்க்குத் தொலைவு மிகும். சாலைப் புழுதி தாளையும் புத்தகத்தையும் கெடுக்கும். மூன்றாவது, நூலகத் தாழ்வாரத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் இரண்டு அறைகள். வாயிலிலிருந்து வரும் பாதையும் வகுப்பறைப் பாதையும் விடுதிப் பாதையும் அவ்விடத்தில்தான் ஒன்று சேர்கின்றன. வகுப்பறையிலிருந்து தொலைவு 80 மீட்டர். ஒரு நிமிட நடை. நூலகத்தின் விளக்குகள் இரவு வரை எரிகின்றன. ஆசிரியரும் மாணவரும் எப்போதும் நடமாடுகின்றனர். எனவே அவ்விரு அறைகளையும் பண்டகசாலைக்கு ஒதுக்குமாறு குழு பரிந்துரைத்துள்ளது.

அதே அறைகளை விருந்தினர் வரவேற்பறையாக மாற்றவேண்டும் என்ற கருத்தும் செயற்குழுவின் முன் இருக்கின்றது என்பதை அவையோர் அறிவீர்கள். அடுத்த கூட்டத்தில் இவ்விரண்டில் ஒன்று முடிவாக வேண்டும். வருகின்ற விருந்தினரை நாம் மதித்துப் போற்றுதல் வேண்டும் என்பதில் எங்களுக்கு மாறுபாடில்லை. ஆயினும் விருந்தினர் ஆண்டில் சில நாள்களே வருவர். மாணவர் நாள்தோறும் வருகின்றனர். விருந்தினர் ஊர்தியில் வந்து இறங்குவர். அவர்களை எந்தக் கட்டடத்திற்கும் அழைத்துச் செல்லலாம். மாணவர் நடந்து வருகின்றனர். ஒரு நிறுவனத்தின் நல்ல இடத்தில் யாரை இருத்துகின்றோம் என்பதே அந்நிறுவனம் யாருக்காக நடக்கின்றது என்பதைக் காட்டிவிடும். மிச்சம் கிடந்த இடத்தை நமக்கு ஒதுக்கிய ஒரு சமுதாய அமைப்பின் கொடுமையை அறிந்தவர்கள் நாம். நம் கைக்கு அதிகாரம் வந்தபோது நம் பிள்ளைகளுக்கு மிச்ச இடத்தைக் கொடுத்தல் தகுமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வாயிலும் உள்ளமைப்பும்

நல்ல இடம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. அரசின் உயர்கல்வி நிறுவனங்களும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களும் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை மாற்றுத்திறனாளிகட்கு ஒதுக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. இடம் ஒதுக்கிச் சேர்த்துக்கொண்டபின், வந்து சேர்ந்தவர் எங்கும் செல்லும் வழியைச் செய்து தராவிடில் அவ்வொதுக்கீடு ஏட்டளவில் நின்றுவிடும்.

நூலகத் தாழ்வாரத்தின் உயரம் மூன்று படிகள். ஒரு படி 15 சென்டிமீட்டராக மொத்தம் 45 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி ஏறுவதற்குரிய சாய்தளத்தில் ஓர் அடி உயரத்திற்கு 12 அடி நீளமேனும் இருத்தல் வேண்டும். அதனினும் நீளம் மிகுந்து சரிவு குறையுமாயின் இன்னும் நன்று. இக்கணக்கின்படி 540 சென்டிமீட்டர், அதாவது ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம் வேண்டும். அதற்கு மேலும் இடம் அங்கு உண்டு. இப்போதைய கடையிலேயே சாய்தளம் அமைத்தால் என்ன என்று சிலர் வினவினர். அங்குள்ள ஐந்து படிகளின் உயரம் 75 சென்டிமீட்டர். அதற்கு 9 மீட்டர் நீளம் வேண்டும். அச்சந்தின் அகலமோ 3 மீட்டர்தான். வலிந்து கட்டினாலும், 400 மீட்டர் தொலைவு அப்படியே இருக்கும்.

கதவின் திறப்பு 90 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. சாய்தளத்தின் இருபுறமும் கைப்பிடி வேண்டும்; மழையில் வழுக்காத சொரசொரப்பான தளம் வேண்டும். பணம் செலுத்தும் மேசையின் ஒரு பகுதியேனும் 75 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்தில், அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டு, அமைதல் வேண்டும். பார்வையற்ற மாணவர் பொருட்டு அலமாரிகளின் ஒழுங்கை அடிக்கடி மாற்றாது வைத்தலும், அலமாரி முகப்பில் பிரெயில் எழுத்துச் சீட்டு ஒட்டுதலும் வேண்டும். செவிப்புலன் குன்றியோர் பொருட்டும், விலை கேட்க நாணுவோர் பொருட்டும், எல்லாப் பண்டங்களின் விலையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கப்படுதல் வேண்டும்.

இன்னும் ஒன்று கூறுவோம். கம்பிச் சன்னலுக்கு அப்பால் ஒருவர் நின்று எடுத்துக் கொடுக்க, இப்பால் நின்று கையேந்திப் பெறும் முறை இனி வேண்டா. அலமாரிகள் திறந்திருக்க, மாணவர் உள்ளே நடந்து சென்று, தம் கையால் எடுத்துப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததைத் திரும்ப வைக்கும் முறையே வேண்டும். பொருள் குறையும், களவு போகும் என்று அஞ்சுவோர் உண்டு. வாயிலருகே கணக்கு மேசையை அமைத்து, மாதந்தோறும் இருப்பைச் சரிபார்த்தால் அவ்வச்சம் நீங்கும். பண்டத்தைத் தொட்டுப் பார்க்கும் உரிமை மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நடத்தும் கடையில் அவ்வுரிமை முழுமையாக விளங்குதல் வேண்டும். மாணவியர்க்கு வேண்டும் நாப்கின் முதலியவையும் இம்முறையில் எவரிடமும் கேளாமலே எடுத்துக்கொள்ளக் கிடைக்கும். விற்பனைப் பணியில் பெண் ஒருவர் இருத்தலும் நலம்.

நேரமும் கடனும்

கடை காலை 8.30 மணிக்குத் திறந்து மாலை 6 மணி வரை இருத்தல் வேண்டும். பணியாளர் இருவர் மாறி மாறி உணவருந்தினால் நண்பகலில் அடைக்க வேண்டியதில்லை. கல்லூரி திறந்த முதல் இரு வாரங்களிலும் செய்முறைத் தேர்வுக்கு முந்திய வாரத்திலும் கூட்டம் மிகுமாதலின், அந்நாள்களில் பதிவேடுகளையும் தாள்களையும் வகுப்பறைத் தாழ்வாரத்திற்கே கொண்டுசென்று மேசை போட்டு விற்கலாம்.

கடன் பற்றியும் ஒரு சொல். பட்டியல் சாதி மாணவர்க்குரிய உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. எனினும் உதவித்தொகை கைக்கு வரும் காலமும் பதிவேடு வாங்க வேண்டிய காலமும் ஒன்றாக அமைவதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் செலவு. பல மாதம் கழித்தே வரவு. இவ்விடைவெளியில்தான் வெளிக் கடன் முளைக்கின்றது. ஆகவே உறுப்பினராகிய மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஓர் எல்லைக்குட்பட்டு, வட்டியின்றி, பற்று அட்டை ஒன்று வழங்கலாம். உதவித்தொகை வந்தபின் தீர்த்துக்கொள்ளலாம். அலைபேசி வழியே பணம் செலுத்தும் வசதி வேண்டும். அத்துடன் காசு கொடுப்பவரும் திருப்பி அனுப்பப்படலாகாது. கடன் நிலுவையுடையோர் பெயரைச் சுவரில் எழுதி வைக்கும் வழக்கம் மட்டும் நம் வளாகத்திற்குள் ஒருநாளும் நுழையலாகாது.

சில ஐயங்கள்

இணையத்தில் எல்லாம் வாங்கும் இக்காலத்தில் கல்லூரிக்குள் கடை எதற்கு என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். நல்ல கேள்வியே. ஆனால் ஒரு பேனாவையும் இரண்டு வரைபடத் தாளையும் எவரும் அஞ்சலில் வரவழைப்பதில்லை. துறை வகுத்த அமைப்பிலுள்ள பதிவேடு வெளியில் கிடைப்பது அரிது. இன்று பிற்பகல் தேர்வுக்கு இன்று காலை வேண்டும் பொருளை நாளை மறுநாள் கொண்டுவந்து தருவதால் பயனில்லை.

செலவு மிகாதோ என்பது மற்றொரு கேள்வி. அறைகள் முன்பே உள்ளன. வேண்டுவன சாய்தளம், கதவு, அலமாரி, விளக்கு ஆகிய நான்கே. கடையின் இயல்பை அறிந்தோர் ஒன்றறிவர். பண்டம் அலமாரியில் தேங்கிக் கிடக்கும்வரை முதலும் முடங்கிக் கிடக்கும்; பண்டம் விரைந்து விற்குமாயின் அதே முதலைக் கொண்டு ஆண்டில் பல முறை கொள்முதல் செய்யலாம். சிறு இலாபம் வைத்தும் கடை நிற்கும். ஆள் நடமாட்டமில்லாச் சந்தில் இருக்கும் கடை விலையைக் குறைத்தாலும் விற்காது. ஆதலின் இடமாற்றம் தருமச் செலவு அன்று. கடையைத் தன் காலில் நிற்கச் செய்யும் செலவாகும்.

பழைய இடத்தை என் செய்வது என்றும் கேட்கலாம். அது கிடங்காகப் பயன்படும். விடுதி மாணவர் பொருட்டு இரவில் ஒரு மணி நேரம் அங்கு எழுதுபொருளும் சோப்பும் விற்க ஏற்பாடு செய்யலாம்.

முடிவாக

அவையோரே, சென்னை மாகாணத்தில் 1920 ஆம் ஆண்டையொட்டி ஆதிதிராவிட மக்களின் நலனுக்கெனத் தொழிலாளர் துறை இயங்கத் தொடங்கியபோது, வீட்டு மனை வாங்குதற்கென்றே நம் மக்களிடையே கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக நம் முன்னோர் கூட்டுறவில் சேர்ந்தனர். அவ்வழி வந்த நாம், கூட்டுறவின் பெயரால் நடக்கும் நம் கடைக்கு நல்லதோர் இடம் கொடுக்கத் தயங்கலாகாது.

செயற்குழுவின் முன் நாங்கள் வைக்கும் வேண்டுகோள் மூன்று. நூலகத் தாழ்வாரத்தின் கிழக்கு அறைகள் இரண்டையும் பண்டகசாலைக்கு ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்றுக. வரும் கல்வியாண்டு தொடங்குமுன் சாய்தளமும் கதவும் அலமாரிகளும் அமைத்து முடிக்க ஆணையிடுக. கடையின் மேற்பார்வைக் குழுவில் விடுதி மாணவர் ஒருவர், பேருந்தில் வரும் மாணவர் ஒருவர், மாணவி ஒருவர், மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் என நால்வரைச் சேர்த்துக்கொள்க. எவ்வழி கடினம் என்பதை அவ்வழி நடப்பவரே அறிவர்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. பண்டகசாலை உங்களுடையது. அதில் உறுப்பினராகுங்கள், கணக்கைக் கேளுங்கள், குறையிருப்பின் எழுதிக் கொடுங்கள், நிறைவிருப்பின் வாங்கி ஆதரியுங்கள்.

25 ஆண்டுகளில் இச்சங்கம் பல நூறு குடும்பங்களுக்குக் கல்வியின் வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றது. அவ்வாயிலுக்கு உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிறு வாயிலும் எல்லார்க்கும் எட்டுமாறு அமைவது வெள்ளி விழா ஆண்டின் பணியாகட்டும்.